வயிறு சொல்லாது, தேதி சொல்லும்

(தங்கவயலில் கற்போர் கூட்டம் ஒன்றில் பேசியது)



உங்களில் பலர் என்னைவிட வயதில் மூத்தவர்கள். ஆடு, மாடு, குதிரை, கழுதை வளர்ப்பதில் உங்களுக்கு அனுபவம் உண்டு. எனக்கு அந்த அனுபவம் குறைவு. நான் உயர்நிலைப் பள்ளி வரை படித்திருக்கிறேன். மாட்டு டாக்டரிடம் கேட்டேன். புத்தகம் படித்தேன். அதில் தெரிந்துகொண்டதை இன்று உங்களிடம் சொல்கிறேன். தவறு இருந்தால் கேளுங்கள். சந்தேகம் வந்தாலும் கேளுங்கள்.

இன்றைய பேச்சு ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. பெண் குதிரை சினையாக இருக்கிறதா, இல்லையா? அதை எப்படித் தெரிந்துகொள்வது?

நம் ஊரில் குதிரை

"தங்கவயலில் குதிரைக்கு என்ன வேலை?" என்று நீங்கள் நினைக்கலாம்.

ஒரு காலத்தில் ராபர்ட்சன்பேட்டையில் ஜட்கா வண்டி ஓடியது. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். பிறகு ஆட்டோ வந்தது. ஜட்கா குறைந்தது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தையும் மூடினார்கள். பலர் வேலைக்காக மாரிகுப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போகத் தொடங்கினார்கள். சிலர் மாடு வாங்கினார்கள். பால் ஊற்றிப் பிழைத்தார்கள்.

குதிரையை வைத்துப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டும். திருவிழாவுக்கு வேண்டும். வண்டி இழுக்க வேண்டும். அந்தக் குடும்பத்துக்குக் குதிரைதான் சொத்து. ஒரு குட்டி பிறந்தால் சொத்து இரண்டாகும். அதனால்தான் இந்தக் கேள்வி முக்கியம்.

மாடு மட்டும் வளர்ப்பவர்களும் கேளுங்கள். நான் இடையிடையே மாட்டையும் சேர்த்துச் சொல்லப் போகிறேன். மாட்டுக்கும் குதிரைக்கும் சில விஷயம் ஒன்று. பல விஷயம் வேறு. மாட்டுக் கணக்கைக் குதிரைக்குப் போட்டால் நஷ்டம் வரும்.

இரண்டு வீடுகள்

ஒரு வீட்டில் பெண் குதிரை இருந்தது. ஆண் குதிரையோடு சேர்த்தார்கள். ஆறு மாதம் ஆனது. வயிறு பெரிதாகவே இல்லை. "இது மலடு" என்று முடிவு செய்தார்கள். வந்த விலைக்கு விற்றுவிட்டார்கள். வாங்கியவர் வீட்டில் ஐந்தாவது மாதம் அது குட்டி போட்டது. நல்ல பெண் குட்டி. விற்றவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

இன்னொரு வீட்டில் வேறு கதை. அங்கே குதிரையின் வயிறு பானை போல இருந்தது. "சினைதான்" என்று எல்லோரும் சொன்னார்கள். வண்டி கட்டுவதை நிறுத்தினார்கள். கொள்ளும் தவிடும் வாங்கிப் போட்டார்கள். கடன் வாங்கிக்கூடப் போட்டார்கள். ஒரு வருடம் போனது. மேலும் இரண்டு மாதம் போனது. குட்டி வரவில்லை. கடைசியில் டாக்டரைக் கூப்பிட்டார்கள். வயிற்றில் குட்டி இல்லை. நிறைய வைக்கோல்தான் இருந்தது. குடல் புழுவும் இருந்தது.

முதல் வீட்டில் சினையை மலடு என்றார்கள். இரண்டாவது வீட்டில் மலடைச் சினை என்றார்கள். இரண்டு வீட்டிலும் தவறு ஒன்றுதான். வயிற்றைப் பார்த்து முடிவு செய்தார்கள். என்றைக்குச் சேர்த்தோம் என்று இரண்டு வீட்டிலும் எழுதி வைக்கவில்லை.

கல்லைப் பார்த்துத் தங்கம் சொல்லலாமா?

நம் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். சுரங்கத்தின் அடியிலிருந்து கல் வரும். அதில் தங்கம் எவ்வளவு என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியுமா? முடியாது. ஒரு டன் கல்லில் சில கிராம் தங்கம் இருக்கும். கல்லைப் பொடியாக்கிச் சோதனை செய்தால்தான் தெரியும். மின்னுகிற கல்லில் ஒன்றும் இருக்காது. மங்கலான கல்லில் இருக்கும். சுரங்கத்தில் வேலை செய்த தாத்தாக்களைக் கேளுங்கள். சொல்வார்கள்.

குதிரையின் வயிறும் அப்படித்தான். மேலே பார்த்தால் தெரியாது. இளம் குதிரைக்கு முதல் சினையில் எட்டு மாதம் வரைகூட வயிறு அதிகம் தெரியாது. பல குட்டி போட்ட குதிரைக்குச் சினை இல்லாதபோதும் வயிறு தொங்கும். அப்படியானால் எதைப் பார்ப்பது? ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதல் அடையாளம்: பருவம்

பசு 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். இது உங்களுக்குத் தெரியும். கத்தும். மற்ற மாட்டின் மேல் ஏறும். ஒரு நாளுக்குள் பருவம் முடிந்துவிடும். அதற்குள் சினை ஊசி போட வேண்டும்.

பெண் குதிரையும் சுமார் 21 நாளுக்கு ஒரு முறை பருவத்துக்கு வரும். ஆனால் அதன் பருவம் ஐந்து நாள் முதல் ஏழு நாள் வரை இருக்கும். இது முதல் வித்தியாசம்.

பருவத்தில் இருக்கும் குதிரை வாலைத் தூக்கும். பின்னங்கால்களை அகட்டி நிற்கும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி சிறுநீர் விடும். அதன் பிறப்புறுப்பு கண் சிமிட்டுவது போலத் திறந்து மூடும். ஆண் குதிரை அருகில் வந்தால் அமைதியாக நிற்கும்.

பருவத்தில் இல்லாத குதிரை வேறு விதமாக நடக்கும். ஆண் குதிரையைப் பார்த்தால் காதைப் பின்னால் மடக்கும். கத்தும். உதைக்கும்.

இதை வைத்துத்தான் பழைய காலத்திலிருந்து சோதனை செய்கிறார்கள். சேர்த்த பிறகு 18ஆம் நாள் முதல் 22ஆம் நாள் வரை பெண் குதிரையை ஆண் குதிரையின் அருகில் கொண்டுபோக வேண்டும். நடுவில் வலுவான தடுப்பு இருக்க வேண்டும். பெண் குதிரை வாலைத் தூக்கி நின்றால் பருவம் வந்துவிட்டது. சினை பிடிக்கவில்லை என்று எண்ணலாம். காதை மடக்கி உதைத்தால் பருவம் வரவில்லை. சினையாக இருக்கலாம்.

"இருக்கலாம்" என்றுதான் சொன்னேன். "இருக்கிறது" என்று சொல்லவில்லை. கவனித்தீர்களா?

இந்த அடையாளம் ஏன் ஏமாற்றும்?

கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டார். "பருவம் வராவிட்டால் சினை என்றுதானே அர்த்தம்? மாட்டுக்கு அப்படித்தானே பார்க்கிறோம்?"

நல்ல கேள்வி. மாட்டுக்கும் அது பாதிக் கணக்குதான். குதிரைக்கு இன்னும் குறைவு. பருவம் வராமல் இருக்கப் பல காரணம் உண்டு. தீனி போதாமல் மெலிந்த குதிரைக்குப் பருவம் நின்று போகும். கருப்பையில் நோய் இருந்தாலும் நின்று போகும். குட்டிக்குப் பால் கொடுக்கும் குதிரை பருவத்தை வெளியே காட்டாமல் இருக்கும். குட்டியைக் காப்பதிலேயே அதன் கவனம் இருக்கும். குளிர் நாடுகளில் பகல் குறுகும் பனிக் காலத்தில் பெண் குதிரைகளுக்குப் பருவமே வராது. இவை எல்லாம் சினை இல்லாத குதிரைகள்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். சினையாக இருக்கும் சில குதிரைகள் பருவம் வந்தது போல நடந்துகொள்ளும். அதை நம்பி மறுபடியும் ஆண் குதிரையோடு சேர்த்தால் உள்ளே இருக்கும் கருவுக்கு ஆபத்து வரலாம்.

அதனால் பருவம் முதல் அடையாளம்தான். முடிவு அல்ல.

டாக்டரின் கை

மாட்டு டாக்டர் பசுவின் ஆசனவாய் வழியாகக் கையை விட்டுப் பார்ப்பார். நீங்கள் பார்த்திருப்பீர்கள். கருப்பையைத் தொட்டுப் பார்த்துச் சினையா என்று சொல்வார். குதிரைக்கும் அப்படிச் செய்வார்கள். கை தேர்ந்த டாக்டர் மூன்று நான்கு வாரத்திலேயே சொல்லிவிடுவார்.

இங்கே ஓர் எச்சரிக்கை. குதிரையின் குடல் மாட்டின் குடலைவிட மெல்லியது. சுலபமாகக் கிழியும். கிழிந்தால் குதிரை பிழைப்பது அரிது. அதனால் பழக்கமில்லாத யாரையும் கை விட அனுமதிக்காதீர்கள். "நான் நூறு மாட்டுக்குப் பார்த்திருக்கிறேன்" என்று சொன்னாலும் வேண்டாம். படித்த டாக்டர்தான் பார்க்க வேண்டும். குதிரையை நன்றாகப் பிடித்துக் கட்டிய பிறகுதான் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டாக்டருக்கும் உதை விழும்.

ஸ்கேன்

இப்போது ஸ்கேன் கருவி இருக்கிறது. கர்ப்பிணிப் பெண்களுக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள் அல்லவா? அதே முறைதான். 1980ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் குதிரையின் சினையைப் பார்க்க இதைப் பயன்படுத்திக் காட்டினார்கள். பிறகு உலகம் முழுவதும் பரவியது.

சேர்த்த 14ஆம் நாள் முதல் 16ஆம் நாளுக்குள் ஸ்கேனில் கரு தெரியும். திரையில் ஒரு கறுப்பு உருண்டை தெரியும். சுண்டைக்காய் அளவுதான் இருக்கும். அதற்குள் நீர் இருக்கும். 25ஆம் நாள் வாக்கில் இதயம் துடிப்பதைக்கூடப் பார்க்கலாம்.

ஓர் ஆச்சரியமான செய்தி சொல்கிறேன். முதல் இரண்டு வாரம் குதிரையின் கரு ஓர் இடத்தில் நிற்காது. பந்து போலக் கருப்பை முழுவதும் உருண்டு சுற்றி வரும். "நான் வந்துவிட்டேன்" என்று தாயின் உடம்புக்கு அது சொல்வது போல. 16ஆம் நாள் வாக்கில்தான் ஓர் இடத்தில் தங்கும்.

சீக்கிரம் ஸ்கேன் எடுப்பதால் இன்னொரு நன்மை உண்டு. இரட்டைக் கரு இருந்தால் தெரிந்துவிடும்.

ஆடு இரண்டு குட்டி போட்டால் நமக்கு மகிழ்ச்சி. குதிரைக்கு இரட்டை என்றால் ஆபத்து. குதிரையின் கருப்பையில் இரண்டு குட்டிக்கும் போதிய உணவு கிடைக்காது. பெரும்பாலும் இரண்டும் பாதியில் கலைந்துவிடும். தாயின் உயிருக்கும் ஆபத்து வரும். 16ஆம் நாளுக்குள் தெரிந்தால் டாக்டர் ஒரு கருவை நீக்கி மற்றதைக் காப்பாற்ற முடியும். தாமதமானால் அந்த வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். நாள் எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள்.

ரத்தமும் சிறுநீரும்

ஸ்கேன் இல்லாத ஊரில் என்ன செய்வது? ரத்தத்தைச் சோதிக்கலாம்.

1930ஆம் ஆண்டு அமெரிக்காவில், கலிபோர்னியாவில், கோல், ஹார்ட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். சினைக் குதிரையின் ரத்தத்திலிருந்து தெளிந்த நீரை எடுத்தார்கள். அதைச் சின்னப் பெண் எலிகளுக்கு ஊசியாகப் போட்டார்கள். அந்த எலிகள் வயதுக்கு முன்பே பருவத்துக்கு வந்தன. சினைக் குதிரையின் ரத்தத்தில் ஒரு விசேஷப் பொருள் இருப்பது இப்படித் தெரிந்தது. சினையான 40ஆம் நாள் முதல் 120ஆம் நாள் வரை அந்தப் பொருள் ரத்தத்தில் இருக்கும். இப்போது எலி வேண்டாம். ஆய்வுக்கூடத்தில் ரத்தத்தைச் சோதித்தே சொல்லலாம். நம் நாட்டில் ஹரியானா மாநிலம் ஹிசாரில் தேசியக் குதிரை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. 1985இல் தொடங்கியது. இந்த வகைச் சோதனைக்கு அவர்களும் ஒரு முறையை உருவாக்கியிருக்கிறார்கள்.

ஆனால் இதிலும் ஒரு பள்ளம் உண்டு. 40 நாளுக்குப் பிறகு கரு கலைந்துவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பொருள் உடனே மறையாது. பல வாரம் ரத்தத்தில் இருக்கும். கரு இல்லை. சோதனை "சினை" என்றே காட்டும். குதிரையும் பல வாரம் பருவத்துக்கு வராது. வீட்டுக்காரர் சினை என்று நம்பிக் காத்திருப்பார்.

நான்கு ஐந்து மாதத்துக்குப் பிறகு சிறுநீரையோ ரத்தத்தையோ வேறு விதமாகச் சோதிக்கலாம். அப்போது குட்டி வளர்வதால் பெண்மைச் சுரப்பு மிக அதிகமாகும். குட்டி உயிரோடு இருந்தால்தான் அது அவ்வளவு அதிகமாக இருக்கும். அதனால் அது நல்ல சாட்சி.

அந்தச் சுரப்பு எவ்வளவு அதிகம் தெரியுமா? சினைக் குதிரையின் சிறுநீரிலிருந்து பெண்களுக்கு ஒரு மாத்திரையே செய்தார்கள். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு வரும் உடல் சூட்டுக்கு அதைக் கொடுத்தார்கள். 1942இல் அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்தது.

ஒரு முறை பார்த்தால் போதாது

டாக்டர் "சினை" என்று சொல்லிவிட்டார். இனிக் கவலை இல்லை என்று இருக்கலாமா? கூடாது.

குதிரைக்கு முதல் இரண்டு மாதத்தில் கரு கலைவது உண்டு. வெளியே ஒன்றும் தெரியாது. ரத்தம் வராது. கட்டி வராது. கரு உள்ளேயே கரைந்து போகும். அதனால் முதல் சோதனைக்குப் பிறகு 28ஆம் நாள், 45ஆம் நாள், 60ஆம் நாள் வாக்கில் மறுபடியும் பார்ப்பது நல்லது. எல்லா முறையும் முடியாவிட்டால் குறைந்தது இரண்டு முறையாவது பாருங்கள்.

கடைசி மாதங்களில் தெரியும் அடையாளங்கள்

ஏழு எட்டு மாதத்துக்குப் பிறகு வெளியிலும் அடையாளம் தெரியும். குட்டி அசைவது விலாவுக்குக் கீழே தெரியும். காலையில் குளிர்ந்த தண்ணீர் குடித்த பிறகு பார்த்தால் நன்றாகத் தெரியும் என்று குதிரைக்காரர்கள் சொல்வார்கள். அசைவு தெரிந்தால் சினை. அசைவு தெரியாவிட்டால் சினை இல்லை என்று அர்த்தமில்லை. குட்டி தூங்கிக்கொண்டிருக்கலாம்.

குட்டி போட இரண்டு முதல் ஆறு வாரம் இருக்கும்போது மடி பெருக்கும். கடைசி வாரங்களில் வால் அடியில் தசை தளரும். கடைசி சில நாட்களில் காம்பின் நுனியில் மெழுகு போல ஒன்று ஒட்டியிருக்கும். அதைப் பார்த்தால் இரவில் யாராவது ஒருவர் விழித்திருக்க வேண்டும். குதிரை பெரும்பாலும் இரவில்தான் ஈனும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரம் பார்த்து ஈனும்.

எத்தனை மாதம்?

பசு ஒன்பது மாதத்தில் கன்று போடும். எருமை பத்து மாதத்துக்கு மேல் சுமக்கும். குதிரை பதினொரு மாதம் சுமக்கும். சுமார் 340 நாள். ஆனால் 320 நாளிலும் ஈனலாம். 365 நாளும் ஆகலாம். கழுதை சுமார் ஒரு வருடம் சுமக்கும்.

மாட்டுக் கணக்கில் இருப்பவர்கள் பத்தாவது மாதம் பயந்துவிடுவார்கள். "நாள் கடந்துவிட்டது. ஊசி போட்டு வெளியே எடுங்கள்" என்பார்கள். அவசரப்பட வேண்டாம். நாள் நிறையாத குதிரைக் குட்டி பிழைப்பது கடினம்.

சினை என்று தெரிந்த பிறகு

சினை என்றால் குதிரையைக் கட்டிப்போட்டு வைக்க வேண்டுமா? வேண்டாம். முதல் மாதங்களில் இலேசான வேலை நல்லதுதான். பாரம் அதிகம் ஏற்றக் கூடாது. ஓட விரட்டக் கூடாது. பட்டாசுச் சத்தத்தில் ஊர்வலத்துக்குக் கொண்டுபோகக் கூடாது. கடைசி மூன்று மாதம் வண்டியும் வேண்டாம். சும்மா நடக்க விட்டால் போதும்.

தீனியிலும் கணக்கு உண்டு. குட்டி கடைசி மூன்று நான்கு மாதத்தில்தான் வேகமாக வளரும். அப்போதுதான் தீனியைக் கூட்ட வேண்டும். முதலிலேயே கூட்டினால் தாய்தான் கொழுக்கும். பூசணம் பிடித்த வைக்கோல், பூசணம் பிடித்த தவிடு எப்போதும் கூடாது. புழு மருந்தும், ஜன்னி வராமல் தடுக்கும் ஊசியும் எப்போது போடுவது என்று டாக்டரைக் கேளுங்கள். நீங்களாகவே மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். சில மருந்து சினைக்கு ஆகாது.

குட்டி பிறக்கும் நேரத்துக்கு மூன்று எண்களை நினைவில் வையுங்கள். 1, 2, 3.

1. குட்டி ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து நிற்க வேண்டும்.

2. இரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வேண்டும்.

3. மூன்று மணி நேரத்துக்குள் நஞ்சுக்கொடி விழ வேண்டும்.

இதில் எது தவறினாலும் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். மாட்டுக்கு நஞ்சுக்கொடி விழ அரை நாள்கூடக் காத்திருப்போம். குதிரைக்கு அப்படிக் காத்திருந்தால் விஷம் உடம்பில் ஏறும். குதிரை செத்துப் போகலாம். கையால் இழுத்தும் எடுக்கக் கூடாது.

கால்நடை ஆம்புலன்சைக் கூப்பிட 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். நான்கு இலக்கம்தான். இன்றே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். பெரிய சோதனை தேவைப்பட்டால் பெங்களூர் ஹெப்பாளத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நம் டாக்டரே அங்கே போகச் சொல்வார்.

பணக்காரர் குதிரையும் நம் குதிரையும்

தும்கூர் மாவட்டத்தில் குனிகல் என்ற ஊர் இருக்கிறது. அங்கே ஒரு குதிரைப் பண்ணை. திப்பு சுல்தான் காலத்தில் போருக்குக் குதிரை வளர்த்த இடம் என்று சொல்வார்கள். பிறகு அங்கே பந்தயக் குதிரைகளை வளர்த்தார்கள்.

பந்தயக் குதிரைக்கு ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. புனே நகரில் அதற்கென்று அலுவலகமே இருக்கிறது. எந்தப் பெண் குதிரை எந்த ஆண் குதிரையோடு சேர்ந்தது, எந்தத் தேதியில் சேர்ந்தது, குட்டி எந்தத் தேதியில் பிறந்தது என்று எல்லாம் பதிவாகும். பதிவு இல்லாத குதிரை பந்தயத்தில் ஓட முடியாது.

பல லட்சம் பெறும் குதிரைக்குப் புத்தகம் இருக்கிறது. நம் குதிரை நமக்கு அதைவிடக் குறைந்ததா? அது இறந்துபோனால் அடுத்த வேளைச் சோறு போய்விடும். நம் குதிரைக்கும் ஒரு புத்தகம் வேண்டும். ஒரு சின்ன நோட்டு போதும். ஒரு பென்சில் போதும்.

முன்பு உங்களால் எழுத முடியவில்லை. "மாரியம்மன் திருவிழாவுக்கு முந்தின வாரம் சேர்த்தோம்" என்று நினைவில் வைத்தீர்கள். ஆறு மாதம் போனால் நினைவு மாறும். வீட்டில் இருவர் இரண்டு விதமாகச் சொல்வீர்கள். இப்போது உங்களால் எழுத முடியும். எண்கள் தெரியும். காலண்டர் பார்க்கத் தெரியும்.

நோட்டில் எப்படி எழுதுவது?

குதிரைக்குப் பருவம் பல நாள் இருக்கும் என்று சொன்னேன். அதனால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை சேர்ப்பார்கள். ஒவ்வொரு தேதியையும் எழுதுங்கள். பருவத்தின் கடைசி ஒன்றிரண்டு நாளில்தான் கருமுட்டை வெளியே வரும். அதனால் கடைசியாகச் சேர்த்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்.

கடைசியாகச் சேர்த்த நாள் மார்ச் 1 என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் இப்படி எழுதலாம்.

மார்ச் 1 – கடைசியாகச் சேர்த்த நாள்.

மார்ச் 15 முதல் 17 வரை – ஸ்கேன். இரட்டையா என்று பார்க்க.

மார்ச் 19 முதல் 23 வரை – பருவம் வருகிறதா என்று பார்க்க.

மார்ச் 29 – மறுபடியும் டாக்டர்.

ஏப்ரல் 15 – மறுபடியும் டாக்டர்.

ஏப்ரல் 30 – கடைசிச் சோதனை.

அக்டோபர் – விலாவில் அசைவு பார்க்க. தீனியைக் கூட்ட.

நவம்பர் – வண்டி கட்டுவதை நிறுத்த.

ஜனவரி 15 முதல் – இரவில் கவனிக்க.

பிப்ரவரி 4 – 340ஆம் நாள்.

ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுங்கள். பார்த்ததை அங்கே எழுதுங்கள். "பருவம் வரவில்லை", "டாக்டர் சினை என்றார்" என்று எழுதினால் போதும். டாக்டர் வரும்போது நோட்டைக் காட்டுங்கள். அவர் முதலில் கேட்கும் கேள்வி "என்றைக்குச் சேர்த்தீர்கள்?" என்பதுதான். நீங்கள் தேதியைச் சொன்னால் அவர் வேலை பாதி முடிந்தது. 30 நாள் கருவுக்கு ஒரு சோதனை. 100 நாள் கருவுக்கு வேறு சோதனை. தேதி தெரியாவிட்டால் எந்தச் சோதனை செய்வது என்று அவருக்கும் குழப்பம்.

குதிரையை விற்கும்போதும் இந்த நோட்டு உதவும். "சினைக் குதிரை" என்று வாயால் சொன்னால் வாங்குகிறவர் நம்பமாட்டார். தேதியும் டாக்டர் சொன்னதும் எழுதியிருந்தால் நம்புவார். வாங்கும்போதும் இதையே கேளுங்கள். "என்றைக்குச் சேர்த்தீர்கள்? யார் பார்த்தார்கள்? எழுதியிருக்கிறதா?" என்று கேளுங்கள்.

மாடு வளர்க்கும் அக்காமார்களே, உங்களுக்கும் இதே நோட்டுதான். சினை ஊசி போட்ட தேதியை எழுதுங்கள். 21ஆம் நாள் பருவம் வருகிறதா பாருங்கள். வந்தால் மறுபடியும் ஊசி. வராவிட்டாலும் இரண்டு மூன்று மாதத்தில் டாக்டரிடம் காட்டுங்கள். ஒரு பருவம் தெரியாமல் தவறிப்போனால் 21 நாள் போய்விடும். அந்த 21 நாள் தீனிச் செலவு யாருடையது? நம்முடையதுதான்.

இன்றைய பயிற்சி

இன்றைக்கு ஒரு பயிற்சி தருகிறேன். வீட்டில் குதிரை, கழுதை, மாடு, எருமை எது இருந்தாலும் சரி. ஒரு நோட்டின் முதல் பக்கத்தில் அதன் பெயரை எழுதுங்கள். அதன் கீழே அது கடைசியாகப் பருவத்துக்கு வந்த தேதியை எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். இனிமேல் பருவம் வரும் நாளில் நிரப்புங்கள்.

வீட்டில் ஒன்றும் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுதிக் கொடுங்கள். அவருக்கு எழுதத் தெரியாவிட்டால் அவரையும் நம் வகுப்புக்கு அழைத்து வாருங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு நோட்டைக் கொண்டு வாருங்கள். எல்லோரும் சேர்ந்து 340 நாளை எண்ணிப் பார்ப்போம்.